நாற்பதடி நிழல்

தட்டினான். அதில் சந்தேகமே இல்லை. இரும்புக் கம்பியால் ட்ரெய்லரின் சட்டத்தில் மூன்று தட்டு, பிறகு "ஏய், அடியில யாரு, வண்டி எடுக்கேன்" என்று ஒரு சத்தம், பிறகு இன்னும் இரண்டு தட்டு. பதினாறு வருஷமாகத் தட்டுகிற கை, அது மறக்காது. பலவேசம் ஸ்டீயரிங்கின் மேல் இரண்டு கைகளையும் போட்டுக்கொண்டு முன்னால் நிற்கிற வண்டியின் பின்பக்கத்தையே பார்த்தபடி இருந்தான். துறைமுகத்துக் கேட்டுக்குப் போகிற வரிசை பதினைந்து நிமிஷமாக ஓரடி நகரவில்லை. இடப்பக்கம் உப்பளம், வலப்பக்கம் ரோட்டைப் பிரிக்கிற சுவர், முன்னும் பின்னும் கன்டெய்னர் பெட்டி சுமந்த வண்டிகள். மத்தியான வெயிலில் உப்பைப் பார்த்தாலே கண்ணில் தண்ணீர் வந்தது. தட்டினது சரி. குனிந்தானா என்பதுதான் கேள்வி. எடைமேடைப் பொட்டலை விட்டு ரோட்டில் ஏறியபோது அந்தக் கேள்வி வரவில்லை. ரயில்வே மேம்பாலத்தில் ஏறி இறங்கியபோதும் வரவில்லை. வரிசையின் வாலில் வந்து நின்று, இன்ஜினை அணைத்து, பாட்டிலை எடுத்து வாயில் கவிழ்த்தபோது, தண்ணீர் தொண்டையில் பாதி இறங்கியபோது வந்தது. குனிஞ்சேனா? தொம்மை அண்ணன் அடியில் இருந்தாரா? மிச்சத் தண்ணீர் சட்டையில் கொட்டிவிட்டது.

எடைமேடைப் பொட்டல் என்பது பைபாஸ் ரோட்டோரம், லாரி எடை போடுகிற மேடையை ஒட்டி, உடைமரம் முளைத்துக் கிடக்கிற நாலு ஏக்கர் வெறுந்தரை. யார் இடம் என்று யாருக்கும் தெரியாது, யாரும் கேட்டதும் இல்லை. டிரைவர்கள் பெட்டியோடு ட்ரெய்லரை அங்கே கழற்றி நிறுத்திவிட்டு, இழுக்கிற முன்வண்டியை மட்டும் எடுத்துக்கொண்டு வேறு நடைக்குப் போவார்கள். முன்வண்டி போன பிறகு ட்ரெய்லர் முன்பக்கத்தில் இரண்டு இரும்புக் கால்களை ஊன்றிக்கொண்டு நிற்கும். கால் மண்ணில் புதையாமல் இருக்க அடியில் கட்டை. நாற்பதடிப் பெட்டி என்றால் நாற்பதடிக்கு நிழல். நிழல் யாருக்கும் சொந்தமில்லை என்பது அங்கே எழுதாத சட்டம். உன் ட்ரெய்லருக்கு அடியில் எவன் வேண்டுமானாலும் பாயை விரிக்கலாம், உண்ணலாம், உறங்கலாம். கேபினுக்குள் அந்த வெயிலில் மனுஷன் இருக்க முடியாது. ஆனால் வண்டியை எடுக்கிறவன் தட்ட வேண்டும். தட்டிச் சத்தம் கொடுத்து, பத்து எண்ணுகிற நேரம் நின்று, அதற்குப் பிறகுதான் எடுக்க வேண்டும். தமிழ் தெரியாத டிரைவர்கூட இரண்டு நாளில் இதைக் கற்றுக்கொண்டுவிடுவான். பாஷை வேண்டாம், இரும்பில் இரும்பு படுகிற சத்தம் போதும். எல்லாருக்கும் போதும், தொம்மை அண்ணனுக்கு மட்டும் போதாது.

தொம்மைக்குக் காது கேட்காது. பழைய வண்டிகளில் இன்ஜின் டிரைவரின் முழங்காலுக்குப் பக்கத்திலேயே கிடந்து கத்தும். அந்தக் கத்தலுக்கு முப்பது வருஷம் காதைக் கொடுத்தவர். முதலில் இடது காது போனது, பிறகு வலதும் சன்னஞ்சன்னமாகப் போனது. இப்போது எதிரே நின்று பேசினால் உதட்டைப் பார்த்துப் பதில் சொல்லுவார். கண்ணாடியில் அவர் மாதிரி பார்த்து ஓட்டுகிறவன் கிடையாது, ஒரு கீறல் கிடையாது வண்டியில். ஆனால் காது விஷயம் கம்பெனிக்குத் தெரிந்தால் அன்றைக்கே சாவியை வாங்கிவிடுவார்கள். ஐம்பத்தெட்டு வயதில் வேறு என்ன வேலைக்குப் போவார், மூத்த மகளே புருஷனை விட்டுவிட்டு இரண்டு பிள்ளைகளோடு வந்து உட்கார்ந்திருக்கிறாள். அதனால் பொட்டலில் இருபது பேர் சேர்ந்து அந்த ரகசியத்தைக் காப்பாற்றினார்கள். சூப்பர்வைசர் வந்தால் யாராவது ஒருவன் தொம்மையின் எதிரே போய் நின்று, சூப்பர்வைசர் கேட்டதை வாயசைத்துக் காட்டுவான். வண்டி எடுக்கும்போது தட்டுவதோடு குனிந்து ஒரு பார்வையும் பார்ப்பது என்று ஆனது. இருந்தால் கையை ஆட்டுவது. கண்ணை மூடியிருந்தால் காலைப் பிடித்து ஆட்டுவது. பலவேசம்தான் அதை ஆரம்பித்து வைத்தவன். ஆரம்பித்தவனே இன்றைக்குக் குனியவில்லையா? அவர் படுப்பது வேறு நடுவில் இல்லை. நடுவில் படுத்திருந்தால் வண்டி தலைக்கு மேலே போய்விடும், ஆளுக்கு ஒன்றும் ஆகாது. அவர் பின்சக்கரத்துக்கு முன்னால் பாயைப் போட்டு, டயரில் தலையைச் சாய்த்துக்கொண்டு படுப்பார். டயர் சில்லென்று இருக்கிறது என்பார். எத்தனை தடவை சொல்லியிருக்கிறான், அண்ணே அங்க தல வைக்காதீங்க அண்ணே என்று, முகத்துக்கு நேரே, உதட்டை நன்றாக அசைத்து.

சரி, ஒவ்வொன்றாக. பதற்றப்படாமல் ஒவ்வொன்றாக. பதினொன்றே முக்காலுக்கு முன்வண்டியைப் பின்னால் விட்டான். ட்ரெய்லர் வந்து மாட்டியது, டக்கென்று சத்தம் கேட்டது. இறங்கினான். காற்றுக் குழாய் இரண்டையும் மாட்டினான், லைட் வயரைச் சொருகினான். கம்பியை எடுத்துத் தட்டினான், சத்தம் கொடுத்தான். எங்கே நின்று தட்டினான்? முன்பக்கம், இரும்புக் காலுக்குப் பக்கத்தில். பிறகு கால்களை மேலே ஏற்றக் கைப்பிடியைச் சுற்றினான். சுற்றும்போது போன் வந்தது, சூப்பர்வைசர். ரெண்டு மணிக்குள்ள பெட்டி உள்ள போகணும், போகலன்னா கப்பல் போயிரும், நீ எங்கன நிக்க. இதோ கெளம்பிட்டேன் சார். போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டே சுற்றினான். கட்டைகளை? கட்டையை எடுக்கக் குனிந்தாக வேண்டுமே. ஒரு விநாடி மூச்சு வந்தது அவனுக்கு. கட்டையை எடுக்கக் குனிந்திருந்தால் அடியில் பார்த்திருப்பான், பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். ஆனால் கட்டையை எடுக்க அவன் குனிவதில்லை. போன வருஷம் இடுப்பு பிடித்துக்கொண்டதிலிருந்து, நுனி வளைந்த கம்பி ஒன்று செய்துவைத்து, நின்றபடியே கொக்கி போட்டு இழுத்துவிடுகிறான். இன்றைக்கும் இழுத்தான். போன் தோளில் இருந்தது. குனிந்திருந்தால் போன் விழுந்திருக்கும். போன் விழவில்லை. அவன் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான், ஒரு கீறலாவது, ஒட்டிய மண்ணாவது இருக்கிறதா என்று. போன் சுத்தமாக இருந்தது.

வரிசை நகர்ந்தது. இன்ஜினைப் போட்டு இரண்டு வண்டி நீளம் போய் மறுபடி நிறுத்தினான். கிளம்பும்போது ஒரு குலுக்கல் இருந்தது, அது வேறு ஞாபகம் வந்து தொலைத்தது. பொட்டலில் குழி இல்லாத இடம் ஏது, எப்போதும்தான் குலுக்கும். ஆனால் ரோட்டில் ஏறும்போது வருகிற குலுக்கல் வேறு, நின்ற இடத்தில் முதல் உருளலில் வருகிற குலுக்கல் வேறு. இது எது? ஒரு சின்னத் தூக்கல், ஒரு சின்ன இறக்கம். அவ்வளவு பெரிய பாரத்துக்கு ஒரு மனுஷன் எவ்வளவு தெரிவான்? தெரியவே மாட்டான் என்பதுதான் உண்மை. அந்த எண்ணம் வந்ததும் காலை பெடலிலிருந்து எடுத்துக்கொண்டான். தொம்மைக்குப் போன் போட்டான். மணி அடித்தது. முழுக்க அடித்து ஓய்ந்தது. இன்னொரு தடவை. அவர் என்றைக்குப் போனை எடுத்திருக்கிறார், அவருக்குப் போன் என்பது யார் கூப்பிட்டார்கள் என்று மகளிடம் காட்டுவதற்கு. பையில் வைத்திருந்தால் அதிர்வு தெரிந்து எடுத்து, "யாருன்னாலும் அப்புறம் வாரேன்" என்று கத்திவிட்டு வைப்பார், அது ஒன்றுதான் அவர் பேசுகிற போன். இப்போது அதுவும் வரவில்லை. தூங்கினால் எடுக்க மாட்டார். அவர் எடுக்காததை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, இருந்தாலும் எடுக்கவில்லை, எடுக்காததற்கு எது காரணமாகவும் இருக்கலாம். மூன்றாவது தடவை போட்டான். அடித்துக்கொண்டே இருந்தது, எங்கோ ஒரு பாயின் மேலேயோ மண்ணிலேயோ கிடந்து.

போன செவ்வாய்க்கிழமை எஸ்தர் கடையில் டீ குடிக்கும்போது அவன் ஒன்று சொன்னான். எஸ்தர் பொட்டலின் வாசலில் தகரக்கொட்டகை போட்டு டீயும் மத்தியானச் சாப்பாடும் கொடுக்கிறவள். தொம்மையும் அங்கேதான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பலவேசத்துக்கு அன்று இடுப்பு வலி அதிகம், காலையிலிருந்து மூன்று தடவை குனிந்து பார்த்திருந்தான், மூன்று தடவையும் அடியில் எவனும் இல்லை. "ஒரு செவிட்டுக் கெழவனுக்காவ இருவது பேரு இடுப்ப ஒடிக்க வேண்டியிருக்கு" என்றான். சிரித்துக்கொண்டு சொன்னான், மற்றவர்களும் சிரித்தார்கள். ஆனால் சொல்வதற்கு முன்னால் அவன் தொம்மையின் பக்கம் முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டான். உதடு தெரியக் கூடாது என்று. அதுதான் இப்போது அடித்தது. வார்த்தைகூடப் பெரிதில்லை, டிரைவர்கள் பேசாத பேச்சா, தாயைப் பழித்துப் பேசிவிட்டு அடுத்த நிமிஷம் ஒரே இலையில் சாப்பிடுகிறவர்கள். யோசித்து, முதுகைக் காட்டி நின்றானே, அது சின்னத்தனம். அப்படியானால் இன்றைக்குக் குனியாதது மறதிதானா? சூப்பர்வைசரின் போன்தானா? இடுப்பா? அல்லது ஒரு நாள், ஒரே ஒரு நாள் குனியாமல் போனால் என்ன ஆகிவிடும் என்று உள்ளே ஒருத்தன் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தானா? இல்லை, அப்படி ஒருத்தன் இல்லை. சத்தியமாக இல்லை. சத்தியம் பண்ணினால் மட்டும் ஆச்சா, யார் கேட்டார்கள் சத்தியத்தை?

எஸ்தருக்குப் போட்டான். நாலாவது மணியில் எடுத்தாள். "என்ன பலவேசம், இப்பம்தான கெளம்புன." பின்னால் பாத்திரம் கழுவுகிற சத்தம். தொம்மை அண்ணன் அங்க இருக்காரா என்று கேட்டான், குரல் சாதாரணமாக இருக்கும்படி பார்த்துக்கொண்டான். "நான் வீட்டுக்கு வந்துட்டேம்ப்பா, இன்னைக்கு சோறு வெரசலா தீந்துட்டு. தொம்மையண்ணனா? பதினொண்ணரை மணிக்கு ஒரு பொட்டலம் வாங்கிட்டுப் போனாவ. ஒன் பெட்டிக்கு அடியிலதான் பாய விரிச்சாவ, பாத்தேன. என்ன விஷயம்?" அவன் ஒன்றுமில்லை என்றான். "ஒண்ணுமில்லக்கா, அவரு சாவி ஒண்ணு எங்கிட்ட இருக்கு" என்று ஒரு பொய்யையும் சேர்த்துச் சொன்னான். அந்தப் பொய் எங்கிருந்து வந்தது என்று அவனுக்கே தெரியவில்லை. போய்ப் பார்க்கச் சொல்லியிருக்கலாம், அவள் வீடு பொட்டலிலிருந்து அரை மைல், ஓடியிருப்பாள். ஏன் சொல்லவில்லை? அவள் பார்த்துவிட்டால் அது நடந்ததாக ஆகிவிடும். இப்போது நடந்திருக்கலாம், நடக்காமலும் இருக்கலாம். போலீஸ், கோர்ட், வீட்டில் மனைவி கனியம்மாள் வாசலில் உட்கார்ந்து அழுவது, எல்லாம் ஒரு கணம் வந்து போனது. முதலில் வந்தது தன் வீடுதான், தொம்மையின் வீடு இரண்டாவதாகத்தான் வந்தது. அந்த வரிசையை அவன் கவனித்தான், தன்மேல் ஒரு அருவருப்பு வந்தது. பதினொன்றரைக்கு விரித்தார். பதினொன்றே முக்காலுக்கு இவன் வந்தான். கால் மணி நேரத்தில் எழுந்து வேறு எங்காவது போயிருக்கலாம். ஒன்றுக்குப் போயிருக்கலாம். உடைமரத்துப் பக்கம் போனால் வர நேரமாகும். போயிருக்கலாம், போயிருக்கலாம் என்று பத்துத் தடவை சொன்னான்.

டயரைப் பார்த்துவிட்டால் தெரிந்துவிடும். இது அப்போதே தோன்றியதுதான், அதைத் தொடாமல் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தான். இறங்கிப் பின்னால் போனால் ஐம்பதடி. கதவைத் திறந்தான், ஒரு காலைப் படியில் வைத்தான், அப்படியே சற்று நேரம் நின்றான். முன்னால் எவனோ கிளி வாங்கிக் கூண்டில் வைத்து ஓட்டிக்கொண்டு வருகிறான், கிளி கத்துவது நன்றாகக் கேட்டது. இறங்கி நடந்தான். இடப்பக்கத்துப் பின்சக்கரங்கள், ஒன்று, இரண்டு, மூன்று ஜோடி. முதல் ஜோடியின் வெளிடயரில் செம்மண், காய்ந்த மண். உள்டயரைப் பார்க்கக் குனிய வேண்டும். இடுப்பைப் பிடித்துக்கொண்டு குனிந்தான். ஒன்றுமில்லை. வண்டியைச் சுற்றிக்கொண்டு வலப்பக்கம் போனான், சுவருக்கும் வண்டிக்கும் நடுவில் பக்கவாட்டில்தான் நடக்க முடிந்தது. முதல் டயரின் பட்டைக் கோடுகளுக்குள் வெள்ளையாக ஏதோ அப்பியிருந்தது. தொட்டான். சோறு. நசுங்கி மாவாகிப் போன சோறு, மஞ்சளாகக் குழம்பு, ஒரு நூலளவு வாழையிலை நார். விரலில் ஒட்டிக்கொண்டது. மேலே தேடினான், கீழே தேடினான், சிவப்பாக எதுவும் இல்லை, ஆனால் ஏழு கிலோமீட்டர் தார் ரோட்டில் உருண்டு வந்த டயரில் என்ன மிச்சம் இருக்கும்? சோறே இவ்வளவுதான் இருக்கிறது. அவன் விரலைச் சுவரில் தேய்த்தான், வேட்டியில் தேய்த்தான், திரும்பவும் தேய்த்தான். மணி பன்னிரண்டு ஐம்பத்தைந்து.

பின்னால் நின்ற வண்டிக்காரர் ராசிபுரத்து ஆள், செங்கோடன் என்று பெயர், வரிசையில் நாலைந்து தடவை பார்த்த பழக்கம். கேபினில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு முறுக்கு தின்றுகொண்டிருந்தார். பலவேசம் சாவியை நீட்டினான். வரிசையில் அதுவும் ஒரு வழக்கம்தான், ஒருவன் அவசரமாகப் போனால் பின்னால் இருப்பவன் அவன் வண்டியையும் நகர்த்திவிடுவான். "என்னங்க ஆச்சு, மொகமெல்லாம் இப்படி வேர்த்திருக்குது?" என்றார். வீட்டில் யாருக்காவது முடியவில்லையா என்று அவரே கேட்டு, அவரே தலையையும் ஆட்டிக்கொண்டார். "ரெண்டு மணிக்கு மேல ஆனா உங்க பெட்டிய உள்ள விட மாட்டாங்களே, பரவால்லீங்களா?" "போனாப் போவட்டும்" என்றான் பலவேசம். "அப்ப போயிட்டு வாங்க, நான் பாத்துக்கறேன்." சுவரைத் தாண்டி இறங்கி, உப்பு மூட்டை இறக்கிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு குட்டி யானை லோடு வண்டியைக் கைகாட்டி நிறுத்தி, பின்னால் ஏறிக்கொண்டான்.

காலி வண்டி ரோட்டில் தூக்கித் தூக்கிப் போட்டது. தகரத்தைப் பிடித்துக்கொண்டு எதிர்க்காற்றில் கண்ணை மூடாமல் நின்றான். கூட்டம் தெரிந்தால் இங்கேயே குதித்துவிடலாமா என்று ஒரு யோசனை, குதித்து உப்பளத்துக்குள் இறங்கி ஓடினால் எவன் பிடிப்பான் என்று ஒரு யோசனை, அடுத்த கணமே தொம்மையின் கை ஞாபகம் வந்தது. போன மழையில் இவனுடைய ட்ரெய்லரின் கால் புதைந்து ஒருச்சாய்ந்து நின்றபோது, அந்த மனுஷன் சகதியில் முழங்கால் போட்டு உட்கார்ந்து கையால் மண்ணைத் தோண்டிக் கட்டை சொருகினார். நகமெல்லாம் கிழிந்தது. உதவி என்று அவர் சொல்லவும் இல்லை, நன்றி என்று இவன் சொல்லவும் இல்லை. செத்திருந்தால் என்னைக் கொல்லுங்கள் என்று யாரிடமோ கேட்டான். கை போயிருந்தால் என் கையை எடுத்துக்கொள் என்றான். கால் போயிருந்தால், என்று அடுத்துப் போனபோது அழுகை வந்துவிட்டது, வாய்விட்டு அழுதான், முன்னால் ஓட்டுகிறவனுக்குக் கேட்டிருக்காது. மேம்பாலம் ஏறியது. இறங்கியது. எடைமேடையின் நீலத் தகரம் தெரிந்தது. கூட்டம் இல்லை. கூட்டம் இல்லாதது நல்லதா கெட்டதா என்று அவனால் சொல்ல முடியவில்லை. பொட்டல் வாசலில் தட்டி நிறுத்தச் சொல்லி இறங்கி ஓடினான். எஸ்தரின் கொட்டகை சாத்திக் கிடந்தது. பதினேழு ட்ரெய்லர்கள் நின்றன, ஒருத்தரையும் காணோம், எல்லாரும் ஏதோ ஒரு நிழலுக்கு அடியில் கிடந்தார்கள்.

அவன் ட்ரெய்லர் நின்ற இடம் நீளமாக வெறுமையாக இருந்தது. அதன் நடுவில் கிழிந்த பாயின் மேல் தொம்மை உட்கார்ந்திருந்தார். நடு வெயில். சட்டையைக் கழற்றி மடியில் வைத்திருந்தார், வலது தோளிலிருந்து முழங்கை வரை தோல் வழன்று சிவந்திருந்தது, மண் ஒட்டியிருந்தது. பக்கத்தில் சோற்றுப் பொட்டலம் தரையோடு தரையாக அப்பிக் கிடந்தது, எறும்பு மொய்த்துவிட்டது. போன் ஓரமாகப் புழுதியில் கிடந்தது. பலவேசம் அவர் எதிரே போய் மண்ணில் உட்கார்ந்தான். உட்கார்ந்து அவர் முகத்துக்கு நேரே வாயைத் திறந்தான். "அண்ணே, தட்டினேம்ணே" என்றான். இத்தனை தூரம் வந்து சொன்ன முதல் வார்த்தை அதுதான்.

தொம்மை அவன் உதட்டைப் பார்த்தார். கேட்காதவர்களுக்கே உள்ள தட்டையான, உரத்த குரலில், கோபமில்லாமல் சொன்னார்: "தெரியும்ல. டயருல தல வச்சிருந்தேன், தட்டுனது மண்டையில அதிந்துச்சி."

"முழிச்சா இருந்தீங்க?"

"முழிச்சுத்தான் கெடந்தேன். ஒன் காலு தெரிஞ்சுது. கைப்பிடியச் சுத்துத, கட்டைய இழுக்க. இப்பம் குனிவான், கையாட்டுவான், எந்திரிக்கலாம்னு பாத்துக்கிட்டே கெடந்தேன். டயரு வந்து தலைய முட்டுனப்பொறவுதான் உருண்டேன்." காயத்தில் ஒட்டிய மண்ணை ஒரு விரலால் தட்டிவிட்டார்.

"ஏன் அண்ணே, கட்டைய எடுக்கும்போதே எந்திரிச்சிருக்கலாம்ல" என்றான் பலவேசம். குரல் உடைந்தது அவருக்குக் கேட்டிருக்காது, முகம் கோணியது தெரிந்திருக்கும்.

"வேற எவன் காலா இருந்தாலும் தட்டுனதுமே எந்திரிச்சிருப்பேன். இடுப்பு வலியில ஒருச்சாச்சு நிக்க ஒன் காலப் பாத்து, நம்ம பலவேசம்லா, அவன் பாக்காம எடுக்க மாட்டான்னு படுத்துட்டேன்."

அவர் சட்டையை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். பாயைச் சுருட்டினார், போனை எடுத்துப் புழுதியை ஊதினார். பலவேசம் பிடிக்க நீட்டிய கையை அவர் தட்டிவிடவில்லை, பார்க்காதது மாதிரி தானாகவே ஊன்றி எழுந்தார். பெட்டி ஏற்றிய ட்ரெய்லர்கள் வரிசையாக நின்றன, ஒவ்வொன்றின் அடியிலும் நாற்பதடிக்கு நிழல் கறுத்துக் கிடந்தது. அவர் அவற்றைத் தாண்டி நடந்தார். எடைமேடையின் சிமெண்ட் தளத்துக்குப் பக்கத்தில், எந்த வண்டியும் நிற்காத இடத்தில், வெயிலிலேயே பாயை விரித்து, துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு படுத்தார்.